கார்டு ஏன் காத்திருக்கிறது?

பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ள புதியதை மாட்டுகிறார் ஒருவர். கேமைத் திறக்கிறார். முன்பு விநாடிக்கு 80 பிரேம் வந்தது. இப்போதும் 80தான் வருகிறது. ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டும் எண்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது: 40 சதவீதமாக இருந்த ஜிபியு (கார்டின் செயலி) பயன்பாடு 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. கார்டு பழுதா, டிரைவர் கோளாறா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று சந்தேகம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பெரும்பாலும் மூன்றும் இல்லை. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. தன் வேலையை முன்பைவிடப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, அடுத்த வேலை வரும்வரை காத்திருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. ஊகத்தில் அடுத்த பாகத்தை வாங்குவதற்கு முன் அவற்றை அறிந்துகொள்வது நல்லது.

அந்தச் சதவீத எண் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. என்விடியா தன் கார்டுகளுக்குத் தரும் கண்காணிப்புக் கருவியின் ஆவணத்தில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. கடைசியாக அளந்த சிறு கால அளவில் எத்தனை சதவீத நேரம் கார்டில் ஏதேனும் ஒரு வேலையாவது ஓடிக்கொண்டிருந்தது என்பதே பயன்பாடு. அந்தக் கால அளவு கார்டைப் பொறுத்து ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்காகவும் இருக்கலாம், முழு விநாடியாகவும் இருக்கலாம். ஆக, இது நேரத்தின் கணக்கு. எவ்வளவு உழைப்பு நடந்தது என்பது இதில் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 3584 கணக்கிடும் கோர்கள் இருக்கின்றன. அவற்றில் மிகச் சிலவே வேலை செய்து மற்றவை சும்மா இருந்தாலும், அந்தக் கொஞ்ச வேலை இடைவிடாமல் ஓடினால் எண் 100 என்றே காட்டும். அதேபோல் 40 என்ற எண் கார்டின் பலவீனத்தைக் காட்டுவதில்லை. பத்தில் ஆறு பங்கு நேரம் அதன் கைக்கு வேலை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பயன்பாட்டு எண்ணைத் தனியாகப் படிக்கவும் கூடாது. பக்கத்திலேயே கடிகார வேகத்தைப் பார்க்க வேண்டும். வேலை குறைந்தால் இன்றைய கார்டுகள் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தம் வேகத்தைத் தாமே தணித்துக்கொள்ளும். 300 மெகாஹெர்ட்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும் கார்டு ஒரு வீடியோவைக் காட்டவே 30 சதவீதம் என்று சொல்லலாம். அதே வேலை 1800 மெகாஹெர்ட்ஸில் 5 சதவீதத்தில் முடிந்துவிடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பகுதி சேர்ந்தது 2017 அக்டோபரில். அது 3டி, காப்பி, வீடியோ டிகோட் எனத் தனித்தனி வரைபடங்களைக் காட்டுகிறது. மொத்தமாகச் சொல்லும் ஒற்றை எண் அவற்றுள் அப்போது அதிகம் உழைக்கும் பகுதியுடையது. கேமுக்குப் பார்க்க வேண்டியது 3டி வரைபடம்.

இனி ஒரு பிரேம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். முதலில் வேலையைத் தொடங்குவது கணினியின் மையச் செயலியான சிபியு. மௌஸ் எவ்வளவு நகர்ந்தது, எதிராளி எங்கே நிற்கிறார், எறிந்த குண்டு எந்தப் பாதையில் போகிறது, ஓடுபவரின் முழங்கால் எந்தக் கோணத்தில் மடங்க வேண்டும், சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பதால் எதையெல்லாம் வரைய வேண்டாம் என இத்தனையையும் அதுதான் தீர்மானிக்கிறது. பிறகு எந்த உருவத்தை, எந்த இடத்தில், எந்த வண்ணப்பரப்போடு வரைய வேண்டும் என்ற கட்டளைகளை வரிசையாக எழுதி ஜிபியுவிடம் தருகிறது. ஜிபியு அந்தக் கட்டளைகளைப் படித்து, முக்கோணங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கணக்கிடுகிறது. இரண்டும் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று நடப்பதில்லை. ஜிபியு பத்தாவது பிரேமை வரைந்துகொண்டிருக்கும்போது சிபியு பதினொன்றாவதைத் தயாரித்துக்கொண்டிருக்கும். அதனால் வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டில் மெதுவானது எதுவோ அது. கட்டடத்தில் சித்தாள் செங்கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்க, கொத்தனார் சுவர் எழுப்புகிறார். சித்தாள் ஒரே ஆள் என்றால் எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாரை அழைத்து வந்தாலும் சுவர் பழைய வேகத்தில்தான் உயரும். கொத்தனார் கரண்டியோடு நிற்கும் நேரம்தான் கூடும்.

புதுக் கார்டு வாங்கியவரின் கணக்கு இப்போது எளிது. அந்த கேமில் ஒரு பிரேமுக்கான கட்டளைகளைத் தயாரிக்க அவருடைய சிபியுவுக்கு 12.5 மில்லி விநாடி ஆகிறது. ஆயிரம் மில்லி விநாடியை 12.5 ஆல் வகுத்தால் 80. பழைய கார்டு ஒரு பிரேமை 5 மில்லி விநாடியில் வரைந்தது, 12.5இல் 5 என்பது 40 சதவீதம். புதிய கார்டு 2.5 மில்லி விநாடியில் வரைகிறது. அது 20 சதவீதம். பிரேம் எண்ணிக்கை நகரவே இல்லை. சதவீதம் இறங்கியதே புதிய கார்டு வேகமானது என்பதற்குச் சான்று! இந்தத் துறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், எல்லாவற்றையும் மில்லி விநாடியில் யோசிக்கும் பழக்கத்தையே நான் சொல்வேன். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2 மட்டுமே. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குகிறவர், அந்த 4.2 மில்லி விநாடிக்குள் கேமின் உலகம் முழுவதையும் கணக்கிட்டு முடிக்கும் சிபியு தன்னிடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். சிபியுவால்தான் தடை என்றால், சிபியு பயன்பாடு 25 சதவீதம்தானே காட்டுகிறது? இரண்டுமே சும்மா இருக்கின்றன, வேகமும் இல்லை என்றால் நேரம் எங்கே போகிறது?

எட்டு கோர், பதினாறு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரடு) கொண்ட சிபியுவில் ஒரே ஒரு திரெட் மூச்சுவிடாமல் ஓடினால், டாஸ்க் மேனேஜரின் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம். அந்த ஒற்றைத் திரெட்தான் கேமின் உயிர்நாடி என்றால், மீதிப் பதினைந்தும் காலியாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. கேமின் பல முடிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. குண்டு பட்டதா என்று தெரிந்தபிறகே எதிராளி விழுவாரா என்று சொல்ல முடியும். விழுந்தாரா என்று தெரிந்தபிறகே அவர் உடலை எப்படி வரைவது என்று சொல்ல முடியும். இந்தச் சங்கிலியைப் பல கோர்களுக்குப் பங்குபோட முடியாது. இதன் கணிதத்தை ஐபிஎம் நிறுவனத்தின் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்தார். ஒரு வேலையில் பிரிக்கவே முடியாத பகுதி எவ்வளவோ, அதற்குக் கீழே மொத்த நேரத்தைக் குறைக்க எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் முடியாது என்பதே அதன் சாரம். ஒரே கோரில் ஓடினால் ஒரு பிரேமுக்கு 20 மில்லி விநாடி ஆகிறது, அதில் 10 பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். 4 கோர் இருந்தால் 12.5 மில்லி விநாடி. 8 கோருக்கு 11.25. 16 கோருக்குச் சுமார் 10.6. கோர்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கியும் இரண்டு மில்லி விநாடிகூடக் குறையவில்லை. ஆயிரம் கோர் கொடுத்தாலும் 10ஐத் தாண்டிக் கீழே வராது.

ஜிபியுவின் நிலை நேர் எதிர். ஒரு பிக்சலின் நிறத்தைக் கணக்கிடப் பெரும்பாலும் பக்கத்துப் பிக்சலின் முடிவு தேவையில்லை. அதனால் ஆயிரக்கணக்கான சிறு கோர்களுக்கு வேலையைச் சிதறவிடலாம்; கோர் கூடக்கூட வேகமும் கூடும். கடந்த இருபது ஆண்டுகளில் கார்டுகள் சிபியுக்களைவிட மிக வேகமாக வளர்ந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி விரிந்துகொண்டே போகிறது என்பதால், கார்டு காத்திருக்கும் சிக்கலும் கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

2007 நவம்பரில் வெளியான கிரைசிஸ் இதற்கு நல்ல வரலாற்றுச் சாட்சி. பிராங்பர்ட்டைச் சேர்ந்த கிரைடெக் நிறுவனம் உருவாக்கிய அந்த கேம், அன்றைய கார்டுகளைத் திணறடித்ததற்காகப் பெயர் பெற்றது. கார்டுகள் வளர்ந்து அதை எப்போதோ எட்டிப் பிடித்துவிட்டன. ஆனால் இன்றைய உயர்ரக கார்டில் அதை ஓட்டினாலும் நிறைய உருவங்கள் மோதிச் சிதறும் காட்சிகளில் வேகம் சரியும். கார்டு பாதி நேரம் சும்மா நிற்கும். அந்த கேம் ஓரிரு திரெட்களையே பெரிதும் நம்பி எழுதப்பட்டது. ஒற்றைக் கோரின் வேகம் முன்போலவே ஏறிக்கொண்டிருக்கும் என்ற எதிர்பார்ப்பு அதன் அடித்தளத்தில் இருந்தது. அந்த எதிர்பார்ப்பில் தவறு சொல்ல முடியாது. 1993இல் முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸில் வந்தது. 2004 இறுதியில் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பதினோரு ஆண்டில் அறுபது மடங்குக்கும் மேல். அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. சிப்பின் வெப்பத்தை இனி சமாளிக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. அதன்பின் கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்து, 2023இல் கடைகளுக்கு வந்த மிக வேகமான சிபியு எட்டியது 6 கிகாஹெர்ட்ஸ். கடிகாரத்தின் ஒரு துடிப்பில் செய்யப்படும் வேலையின் அளவு கூடியிருக்கிறது, உண்மை. ஆனாலும் அந்தப் பழைய ஏற்றம் திரும்பி வரவே இல்லை. சிபியு தயாரிப்பாளர்கள் கோர்களைப் பெருக்கினார்கள். கேம் எழுதுபவர்கள் வேலையைத் துண்டு போடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் இடைமுகங்களில், 2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, 2016இல் வந்த வல்கன் இரண்டும், ஜிபியுவுக்குக் கட்டளை எழுதும் வேலையையாவது பல கோர்களுக்குப் பகிர வழிசெய்தன. கேமின் தர்க்கச் சங்கிலி இன்றும் சங்கிலியாகவே இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின், தடை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். காசு செலவில்லை. கேமில் அடிக்கடி வேகம் குறையும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே நின்று பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் குறையுங்கள். 1920 x 1080 என்பது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1280 x 720 என்பது 9.2 லட்சம். ஜிபியுவின் சுமை பாதிக்கும் கீழே போய்விட்டது. சிபியுவின் சுமை அப்படியே இருக்கிறது. எதிரிகளின் எண்ணிக்கையும் குண்டுகளின் பாதையும் திரையின் அளவைப் பொறுத்தவை அல்ல. பிரேம் எண்ணிக்கை எகிறினால் தடை கார்டில் இருந்தது. அசையாமல் நின்றால் தடை சிபியு பக்கம். பட்டனை அழுத்துவதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன கணிப்பு பொய்க்கும்போதுதான் சோதனை நமக்கு எதையோ கற்றுக்கொடுக்கிறது.

ரெசல்யூஷனை மட்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் எல்லா செட்டிங்கையும் ஒரே மூச்சில் 'லோ'வுக்குத் தள்ளிவிட்டுச் சோதனை செய்கிறார்கள். பார்வைத் தூரம், கூட்டத்தின் அடர்த்தி போன்றவை சிபியுவையும் பாரமாக்குபவை. ரே டிரேசிங் கார்டுக்கு மட்டும் சுமை என்ற எண்ணமும் சரியில்லை; நகரும் உருவங்களுக்கான தரவுக் கட்டமைப்பைப் பிரேமுக்குப் பிரேம் புதுப்பிப்பதில் சிபியுவுக்கும் வேலை கூடுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிய வழியில்லை. இன்னொன்று: டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் உள்ளே குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கித் தருபவை. அவற்றைப் போட்டதும் ஜிபியு பயன்பாடு விழுந்தால் பதற வேண்டாம். கார்டின் சுமை குறைந்து, தடை சிபியுவுக்கு மாறியிருக்கிறது.

சிபியு பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் உடனே புது சிபியுவுக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிட வேண்டாம். சிபியுவும் காத்திருக்கும், அது காத்திருப்பது ரேமுக்காக. 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிபியுவின் ஒரு துடிப்பு 0.22 நானோ விநாடி. தேவையான தரவு சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேச்சில் இருந்தால் நாலைந்து துடிப்பில் கைக்கு வரும். அங்கே இல்லாமல் ரேம் வரை போக வேண்டுமென்றால் சுமார் 80 நானோ விநாடி. அதாவது முந்நூற்றைம்பது துடிப்புக்கு மேல். வில்லியம் வுல்ஃப், சாலி மக்கீ இருவரும் 1995இல் எழுதிய குறுங்கட்டுரை ஒன்று இந்த ஆபத்தை எச்சரித்தது: சிபியுவின் வேகமும் நினைவகத்தின் வேகமும் வெவ்வேறு விகிதத்தில் ஏறுவதால், ஒரு நாள் சிபியு எவ்வளவு வேகமானாலும் பயனில்லாத சுவரில் முட்டும் என்றார்கள். ஜிபியு இந்தத் தாமதத்தை மறைத்துக்கொள்ளும். ஒரு கூட்டம் திரெட்கள் நினைவகத்துக்குக் காத்திருந்தால் வேறொரு கூட்டத்தை எடுத்து ஓட்டும். கேமின் ஒற்றைச் சங்கிலிக்கு அந்த வசதி கிடையாது.

ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு ஒரு கச்சிதமான சோதனைபோல் அமைந்தது. அதன் மூத்த உடன்பிறப்பான 5800எக்ஸிலும் அதே எட்டு கோர்கள், அதே உள்வடிவமைப்பு. மூத்தது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், இளையது 4.5தான். ஆனால் இளையதின் மேல் கூடுதல் கேச்சை ஒரு மாடிபோல் அடுக்கி, மூன்றாம் நிலைக் கேச்சை 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக்கியிருந்தார்கள். வீடியோ மாற்றுவது, முப்பரிமாணப் படம் தயாரிப்பது போன்ற வேலைகளில் கடிகாரம் வேகமான மூத்தது சற்று முந்தியது. கேம்களில் இளையது தெளிவாக வென்றது. கேம்கள் கணக்குப் போடும் வேகத்தைவிடத் தரவு வந்துசேரும் வேகத்துக்கே அதிகம் ஏங்குகின்றன என்பதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பலன், பலருடைய கணினியில் இன்றே கைக்கு எட்டுவது. டிடிஆர்4 ரேமின் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காதவரை அது 2133, 2400 அல்லது 2666 என்ற பாதுகாப்பான வேகத்திலேயே ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் உண்மை வேகம் தெரியும். ஒரே 16 ஜிபி ரேமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி ரேம்களைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் தரவு போகும் பாதையின் அகலம் இரட்டிப்பாகும். ஒற்றை ரேமோடு விற்கப்படும் லேப்டாப்கள் ஏராளம். கேம் விளையாட வாங்குபவர் காலியான இரண்டாம் ஸ்லாட்டை நிரப்புவதுதான், செலவுக்கு ஏற்ற பலனைப் பார்த்தால், முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ரெசல்யூஷன் சோதனையில் பிரேம் அசையவில்லை, ஆனால் எந்தக் கோரும் முழுமூச்சில் ஓடவில்லை என்றால், எதுவோ வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கலாம். பெரும்பாலும் பிரேம் வரம்பு. எண் 60, 120, 144 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால் கேமின் செட்டிங், டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகை, மானிட்டரின் ரெஃப்ரஷ் ரேட் மூன்றையும் பாருங்கள். பேட்டரியில் ஓடும் லேப்டாப் தானாகவே வேகத்தைக் கட்டிவைக்கும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு வருந்துபவர்களும் உண்டு. பிரேமைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வி-சிங்க் தனியாகக் கவனிக்க வேண்டியது. 60 ஹெர்ட்ஸ் திரையில் அது, 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை மட்டுமே புதுப் பிரேமை ஏற்கும். கார்டு ஒரு பிரேமை 18 மில்லி விநாடியில் வரைகிறது என்று வையுங்கள். இரண்டு பஃபர் (வரைந்த பிரேமை வைக்கும் இடம்) மட்டும் உள்ள அமைப்பில், ஒன்றரை மில்லி விநாடிக்கும் கீழான தாமதத்துக்காக அடுத்த திருப்பம் வரை, அதாவது 33.3 மில்லி விநாடி வரை அது கை கட்டி நிற்க வேண்டும். விளைவு: பிரேம் 30, ஜிபியு பயன்பாடு 54 சதவீதம். கார்டு மெதுவாக இருப்பதே அங்கே உண்மைக் காரணம், ஆனால் எண்ணோ அது ஓய்வெடுப்பதாகச் சொல்கிறது. சதவீதத்தை மட்டும் நம்புபவர் இந்த இடத்தில் நிச்சயமாகத் தவறான பாகத்தைக் குறை சொல்வார்.

கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழிவதும் இதே மாதிரியான ஏமாற்று. ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி நினைவகம் விநாடிக்கு 360 ஜிகாபைட் தரவு தரும். அதில் இடமில்லாமல் கணினியின் ரேமில் வைத்தவற்றை பிசிஐஇ பாதை வழியாக எடுத்துவர வேண்டும்; நான்காம் தலைமுறைப் பாதையில் பதினாறு தடங்களும் இருந்தாலும் விநாடிக்கு 32 ஜிகாபைட்டுக்குக் கீழ்தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இந்தச் சங்கடத்தின் உச்சம்: நினைவகம் 4 ஜிபி மட்டும், தடங்களும் நான்கு மட்டும். மூன்றாம் தலைமுறைப் பாதையுள்ள பழைய மதர்போர்டில் மாட்டினால் பாதையின் வேகம் விநாடிக்கு 4 ஜிகாபைட்டாகச் சுருங்கி, நினைவகம் போதாத கேம்களில் வேகம் கண்கூடாக விழுந்தது. மலிவான கார்டை வாங்குபவர்கள்தான் பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. இந்தச் சிக்கலின் அடையாளம், டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்ததும் எல்லாம் சீராவது.

வெப்பத்தை எண்களில் கண்டுபிடிப்பது எளிது, எந்தப் பக்கம் சூடேறியிருக்கிறது என்று கவனித்தால் போதும். கார்டு சூடேறித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டால் பயன்பாடு 99இலேயே நிற்கும். கடிகார வேகம்தான் சரியும். சிபியு சூடேறி வேகம் குறைந்தால் அதன் கட்டளைகள் தாமதமாகி, கார்டின் பயன்பாடு விழும். கேம் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு இப்படி ஆனால் சிபியுவின் வெப்பத்தைப் பாருங்கள். 95, 100 டிகிரியை ஒட்டி நிற்கும். கூலர் என்பது அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைத்தான் கட்டுப்படுத்தும். அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். மே மாதச் சென்னையில் விசிறி மட்டும் சுழலும் அறைக்கும், குளிரூட்டிய சோதனைக்கூடத்தில் எடுத்த எண்களுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் வருகிறது.

இதுவரை சராசரிகளையே பேசினோம். சராசரி மறைக்கும் துன்பம் ஒன்று இருக்கிறது. ஒரு விநாடியில் 59 பிரேம்கள் தலா 10 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு பிரேம் 410 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை சரியாக ஆயிரம். கணக்குப்படி விநாடிக்கு 60 பிரேம். விளையாடுபவருக்கோ உலகம் கிட்டத்தட்ட அரை விநாடி உறைந்து நின்றது. டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் 2011 செப்டம்பரில் இதை விரிவாக எடுத்துக்காட்டி, பிரேம்களை எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு பிரேமும் எடுத்த நேரத்தை வரைபடமாக்கும் முறையை முன்வைத்தார். இன்று நல்ல மதிப்பீடுகளில் சராசரியோடு மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகமும் தரப்படுவது அந்த வழியில் வந்தது. இப்படி உறைந்து திணறும் ஸ்டட்டர் வரும் கணத்தில் ஜிபியு பயன்பாடு பள்ளத்தில் விழுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஷேடர்கள் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்கள்) அந்த நேரத்தில் தொகுக்கப்படுவது, டிஸ்கிலிருந்து புதிய பகுதி ஏற்றப்படுவது, பின்னணியில் வேறொரு மென்பொருள் விழித்துக்கொள்வது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு விநாடிக்கு ஒருமுறை அளக்கும் சதவீதத்தில் இது பாதி கரைந்துவிடும். பிரேம் நேர வரைபடத்தில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும்.

இன்டெல் 2023 ஆகஸ்ட்டில் தன் பிரசன்ட்மோன் கருவியில் சேர்த்த ஓர் அளவு இந்தத் தேடலை மிகவும் எளிதாக்கிவிட்டது என்பது என் எண்ணம். ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு எண்களை அது பக்கத்தில் பக்கத்தில் தருகிறது: பிரேம் முழுவதற்கும் ஆன நேரம், அதில் ஜிபியு உண்மையில் உழைத்த நேரம். இரண்டு கோடுகளும் ஒட்டி ஓடினால் கார்டுதான் தடை. பிரிந்து நின்றால், இடைவெளி எவ்வளவோ அவ்வளவு மில்லி விநாடியை வேறு எதுவோ எடுத்துக்கொள்கிறது. சிபியு பெயரையும் கார்டு பெயரையும் தட்டினால் இத்தனை சதவீதம் பாட்டில்நெக் (தடை) என்று சொல்லும் கால்குலேட்டர்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கணினியில் ஒரு கேமில் சிபியு தடையாகும், மற்றொன்றில் கார்டு. அதே கேமில் சந்தைத் தெருவில் சிபியு, காட்டுக்குள் நுழைந்ததும் கார்டு.

சிபியுதான் தடை, மாற்றப் பணமில்லை என்றால், கார்டின் ஓய்வு நேரத்தைப் படத்தின் அழகுக்குச் செலவிடலாம். ரெசல்யூஷனையும் நிழல் தரத்தையும் ஏற்றினால் பிரேம் எண்ணிக்கை அதிகம் குறையாது; காத்திருந்த நேரத்தில் கார்டு அதைச் செய்துவிடும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்த பிரேம் ஜெனரேஷன், சிபியுவைக் கேட்காமலேயே இடைப்பட்ட பிரேம்களைக் கார்டு தானே உருவாக்கிச் செருகும் முறை. அசைவு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் மௌஸை அசைத்ததற்குக் கேம் பதில் சொல்லும் வேகம் அதனால் கூடாது. அந்தப் பதிலைத் தயாரிப்பது இன்னும் அதே சிபியுதான்.

இந்தப் பதில் வேகத்தை எண்ணிப் பார்த்தால், பயன்பாடு 99இல் நிற்பதுதான் நல்ல நிலை என்ற ஆசையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. கார்டு தடையாகும்போது சிபியு முந்திக்கொண்டு அடுத்தடுத்த பிரேம்களின் கட்டளைகளை வரிசையில் அடுக்கும். டைரக்ட்எக்ஸின் இயல்பான ஏற்பாட்டில் மூன்று பிரேம் வரை இப்படி முன்கூட்டியே சேரலாம். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கணினியில் மூன்று பிரேம் என்பது 50 மில்லி விநாடி. நீங்கள் மௌஸைச் சொடுக்கியதன் விளைவு, அந்த வரிசைக்குப் பின்னால் நின்றுதான் திரைக்கு வரும். போட்டிக்காக விளையாடுபவர்கள் இதைப் பொறுக்க மாட்டார்கள். அதனால்தான் அவர்கள் 144 ஹெர்ட்ஸ் திரையில் பிரேமை 138 போன்ற ஓர் எண்ணில் கட்டிவைத்து, கார்டுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறார்கள். என்விடியா 2020 செப்டம்பரில் வெளியிட்ட ரிஃப்ளெக்ஸ் இதையே கேமுக்குள்ளிருந்து செய்கிறது: கார்டு கையைக் காலி செய்யப்போகும் நேரத்தை மதிப்பிட்டு, அதுவரை சிபியுவைத் தாமதப்படுத்தி, கடைசி நொடியில் மௌஸின் நிலையைப் படிக்க வைக்கிறது. அதை இயக்கியதும் ஜிபியு பயன்பாடு ஓரிரு புள்ளி இறங்கும், சராசரி பிரேம் எண்ணிக்கையும் சற்றுக் குறையலாம். சொடுக்கலுக்கும் திரையில் அதன் விளைவுக்கும் இடையிலான நேரம் அதைவிட அதிகமாகக் குறைகிறது.